பவளப்பாறையில் நீ சொன்ன பொய்

இன்று காலை என் மனைவி செல்வி புதுப் பற்பசை ஒன்று வாங்கி வந்து வைத்திருந்தாள். கிராம்பு போட்டது. மூடியைத் திருகியதும் வந்த வாசனையில் பல் தேய்க்க மறந்து குழாயடியிலேயே நின்றுவிட்டேன். எனக்கு அந்த வாசனை பல்லோடு சேர்ந்ததில்லை, உன்னோடு சேர்ந்தது. ராயபுரத்தில் நம் காண்டிராக்டரின் கொட்டகை வாசலில் குந்திக்கொண்டு, மாஸ்க் கண்ணாடியில் கிராம்புப் பற்பசையை அப்பி, கட்டைவிரலால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருப்பாய். தேய்க்காவிட்டால் தண்ணீருக்குள் கண்ணாடியில் ஆவி படியும்.

"இந்தத் தண்ணில கண்ணாடி தெளிவா இருந்தா இன்னா, அழுக்கா இருந்தா இன்னா?" என்று நான் கேட்பேன். கரித்தூளும் எண்ணெயும் கலந்த துறைமுகத் தண்ணீர் அது. ஓர் ஆள் உயரம் இறங்கினால் நம் கையே நமக்குத் தெரியாது. நீ தேய்ப்பதை நிறுத்தமாட்டாய்.

"என்னிக்காவது ஒரு நாள் தெரியும் மாமு. அன்னிக்கு நம்ம கண்ணாடி ரெடியா இருக்கணும்ல?"

நீ போய் வருடங்கள் ஆகிவிட்டன. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று எனக்குப் பாக்கி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒருமுறை உன்னோடு பேசிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் செய்த வேலையைப் பற்றிச் சொன்னால் இன்றைக்கும் பலர் நம்புவதில்லை. துறைமுகத்தில் கட்டி நிற்கும் கப்பலுக்கு அடியில், சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு முங்க வேண்டும். அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்ட வேண்டும். கப்பலைத் தள்ளும் விசிறியில் கயிறு சுற்றியிருந்தால் அறுக்க வேண்டும். எல்லாம் தடவித் தடவித்தான். இருட்டில் பேச்சு கிடையாது என்பதால் தோளில் தட்டுவோம். ஒரு தட்டு தட்டினால் பக்கத்தில் இருக்கிறேன். இரண்டு தட்டினால் மேலே போகலாம்.

நான் திருவொற்றியூர்க் குப்பத்தில் கட்டுமரக்காரர் வீட்டில் பிறந்தவன். நடை பழகியதும் நீச்சல் பழகியதும் எனக்கு ஏறக்குறைய ஒரே வயதில். நீ வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடியில் வளர்ந்தவன், குத்துச்சண்டையில் மூக்கு கோணிப்போனவன். வேலை கேட்டு வந்த அன்று உனக்குச் சரியாக நீந்தக்கூடத் தெரியாது. "நீச்சல் தெரியுமாடா?" என்று காண்டிராக்டர் கேட்டார். "தண்ணி இன்னா பண்ணும் நைனா? அடிக்கும். அடி வாங்கறது எனக்குப் புச்சா?" என்று சொல்லிவிட்டுப் படித்துறையிலிருந்து குதித்தாய். பின்னாலேயே நான் குதித்து உன்னை இழுத்து வந்து போட்டேன். இருமி இருமித் தண்ணீரைக் கக்கிவிட்டு என்னிடம் நீ கேட்ட முதல் கேள்வி, "நாளைக்கு எத்தினி மணிக்கு வரட்டும்?" என்பதுதான். மறுநாள் மறுபடி குதித்தாய். கொஞ்ச நாளில் எனக்குச் சமமாக நீந்தினாய்.

கப்பல்காரர் ஒருவர் கொடுத்த பழைய காலண்டரிலிருந்து ஒரு படத்தை வெட்டி வைத்திருந்தாய். பவளப்பாறை. மான்கொம்பு போலக் கிளைவிட்ட பவளமும் அதன் நடுவில் மஞ்சள் மஞ்சளாக மீன்களும். டீக் கடையில் அதை என் முன்னால் விரித்து வைத்துச் சண்டைக்கு வருவாய். "வருசக்கணக்கா தண்ணிக்குள்ளயே பொழப்பு. ஆனா தண்ணிக்குள்ள இன்னா கீதுன்னு நாம பாத்ததே இல்ல. இது அநியாயமா இல்லியா மாமு? ஒரு தபா போயே தீரணும்." நான் சிரித்துவிட்டு டீயைக் குடிப்பேன். அப்போது எனக்குக் கடல் மேல் பயமும் இல்லை, பெரிய ஆசையும் இல்லை. வீட்டு வாசல் மேல் யாராவது ஆசைப்படுவார்களா?

அப்புறம் அது நடந்தது. கப்பலின் அடிவயிற்றில், எந்திரத்துக்குக் கடல்நீரை உறிஞ்சும் சன்னல் ஒன்று இருக்கும். அதன் கம்பிகளில் அடைத்திருந்த சிப்பியை நான் சுரண்டிக்கொண்டிருந்தேன். மேலே யாரோ தெரியாமல் பம்பைப் போட்டுவிட்டார்கள். கம்பிகளுக்கு நடுவில் என் வலது கை முழங்கை வரை உள்ளே போனது. மார்பு சன்னலோடு ஒட்டிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வலியில் வாயைத் திறந்தேன். சிலிண்டர் காற்று வரும் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவி இருட்டில் எங்கோ போய்விட்டது.

நீ வந்தாய். எப்படித் தெரிந்து வந்தாய் என்பதை நான் கடைசிவரை கேட்கவே இல்லை. உன் விரல்கள் என் கழுத்தில் ஏறி, தாடையைத் தடவி, வாயைத் தேடின. உன் ரெகுலேட்டரை என் பற்களுக்கு நடுவில் திணித்தாய். நான் இரண்டு இழுப்பு இழுத்ததும் வாங்கி நீ இரண்டு இழுப்பு இழுத்தாய். இடையில் சுரண்டியின் கைப்பிடியால் கப்பலின் அடியை ஓங்கி ஓங்கி அடித்தாய். கோயில் மணி போல அந்தச் சத்தம் என் மண்டைக்குள் அதிர்ந்தது. எந்திர அறையில் யாருக்கோ கேட்டு பம்பை நிறுத்தும் வரை அடித்தாய். அடிக்கும் நேரத்திலும் இன்னொரு கையால் என் தோளில் ஒரு தட்டு, மறுபடி ஒரு தட்டு.

கை கூடிவிட்டது. கட்டுப் பிரித்த அன்று செல்வி வெந்நீர் வைத்து என் தலையில் ஒரு செம்பு ஊற்றினாள். கண்ணை மூடிய அந்த ஒரு கணத்தில் அதே இருட்டு வந்தது. செம்பைத் தட்டிவிட்டுக் கத்திக்கொண்டு வெளியே ஓடினேன். அதற்குப் பிறகு ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதோடு சரி. கரையில் போட்ட பாறாங்கல் மேல் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எண்ணூர் சாலையில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுச் செலவை செல்வி மீன் விற்றுச் சமாளித்தாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. குப்பத்து ஆட்கள்தான் சொன்னார்கள், இவனுக்குக் காத்து கறுப்பு அடித்துவிட்டது என்று.

நீ வேலை முடிந்து வியாசர்பாடிக்கு, மனைவி மகளிடம் போகாமல் சைக்கிளில் நேராக என்னிடம் வருவாய். பாறாங்கல்லில் நான் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, நீ கடலைப் பார்த்து உட்காருவாய். தண்ணீரைப் பற்றிப் பேசமாட்டாய். ஒருநாள் வீட்டுக்குள் வந்து செல்வியிடம் நேராகச் சொன்னாய்.

"தங்கச்சி, இவன நான் இட்டுகினு போறேன். மண்டபம் பக்கத்துல ஆளு இல்லாத தீவு. காலேஜ்காரங்க பவளப்பாறைய ஆராய்ச்சி பண்றாங்க. பாறைல சிக்கின பழைய வலைய அறுத்து எடுக்கறதுக்கு சிலிண்டர் கட்டத் தெரிஞ்ச ரெண்டு பேரு வேணுமாம். ரெண்டு பேருன்னு சொல்ட்டேன்."

"என்ன கேக்காம எப்படிடா சொல்லுவ?" என்று கத்தினேன்.

"கேட்டா வரமாட்ட. அதான் கேக்கல."

"நான் தண்ணில எறங்கமாட்டேன்."

"எறங்காத. படகுல குந்து. மீன் புடி. தூங்கு. ஆனா நீ வர்ற."

செல்வி மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "இட்டுகினு போங்கண்ணே. இங்க குந்திகினு இந்தாளு ரோட்டைப் பாத்துப் பாத்து எனக்கே பயமா கீது" என்றாள். அதோடு என் பேச்சு முடிந்தது.

மாசி மாதம். காற்று அடங்கி, கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. அந்தத் தீவில் சில தாழம்புதர்களும் மணலும் தவிர ஒன்றும் இல்லை. எந்திரச் சத்தம் கிடையாது. நம் ஊரில் சங்கு ஊதாத, லாரி இரையாத ஒரு நிமிடத்தை நான் கேட்டதில்லை. படகு நங்கூரம் போட்ட முதல் நாள், எனக்குக் காது அடைத்துவிட்டதோ என்று விரலை விட்டுக் குடைந்துகொண்டேன். நீ மீசையை எடுத்திருந்தாய். மீசை இருந்தால் மாஸ்க்குக்குள் தண்ணீர் கசியும் என்று மண்டபத்திலேயே நாவிதர் கடையில் உட்கார்ந்து மழித்துவிட்டு வந்தாய். கோணல் மூக்கும் மொழுமொழுவென்ற மேலுதடுமாக உன்னைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சொன்னபடி நான் படகிலேயே உட்கார்ந்தேன். நீ காலேஜ் ஆட்களோடு முங்கிவிட்டு மேலே வந்து, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்டதையெல்லாம் மூச்சு வாங்க ஒப்பிப்பாய். "மாமு, ஒரு மீனு கீது, பச்சையும் ஊதாவுமா. பவளத்த முறுக்கு கடிக்கற மாதிரி கறுக்கு கறுக்குன்னு கடிக்குது. சத்தம் காதுல கேக்குது!" மறுநாள், "மூளை மாதிரியே ஒரு பவளம். உனக்கு இருக்கறத வுடப் பெருசு." அதற்கு அடுத்த நாள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடியே மிதந்தாய். "நீ இல்லாம பாக்கறது ஒரு மாதிரி கலீஜா கீது மாமு" என்றாய்.

அன்று சாயங்காலம் தீவின் கரையில் நான் தனியாக இடுப்பளவு தண்ணீருக்குப் போனேன். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு முகத்தை உள்ளே வைத்தேன், கண்ணை மூடாமல். என் கால் விரல்கள் தெரிந்தன. மணலில் ஊர்ந்த ஒரு சிப்பியும் அதன் நிழலும் தெரிந்தன. தலையைத் தூக்கினேன். மறுபடி வைத்தேன். கரையிலிருந்து நீ பார்த்துக்கொண்டிருந்தாய். பக்கத்தில் வராமல் இருக்க நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை சிலிண்டரை மாட்டிக்கொண்டு உன்னோடு இறங்கினேன். நங்கூரக் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு, கயிற்றை மட்டுமே பார்த்துக்கொண்டு இறங்கினேன். கால் மணலில் பட்டதும் நிமிர்ந்தேன். எதிரில் நீ இருந்தாய்.

எத்தனை கப்பலுக்கு அடியில் நாம் ஒன்றாக முங்கியிருப்போம். தண்ணீருக்குள் உன் முகத்தை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன். உன் தோளும் கையும் எனக்கு இருட்டில் அத்துப்படி. முகம் இப்படி இருக்கும் என்று தெரியாது. கண்ணாடிக்குள் உன் கண்கள் இரண்டு மடங்கு பெரிதாக இருந்தன. நீ சிரித்தாய், சிரித்ததில் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்து திண்டாடினாய். நானும் சிரித்து எனக்கும் புகுந்தது. இரண்டு பேரும் மணலில் முட்டிபோட்டுக்கொண்டு தண்ணீரை ஊதி ஊதி வெளியேற்றினோம்.

அப்புறம்தான் சுற்றிலும் பார்த்தேன். வெயில் கோடு கோடாக இறங்கிப் பவளத்தின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. மான்கொம்புக் கிளைகளின் நுனி நீலமாக இருந்தது. நீ சொன்ன முறுக்குச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், எண்ணெயில் கடுகு பொரிவது போல ஒரு சின்னச் சத்தம் பாறை முழுக்கப் பரவியிருந்தது. கிளைகளுக்குள் இருந்து ஒரு மஞ்சள் மீன் கூட்டம் வெளியே வந்து என் முகத்துக்கு நேராக நின்றது. ஓடிப் போகாமல் நின்று என்னை விசாரித்தது. என் கை கயிற்றை எப்போது விட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

சில நாட்கள் அப்படி முங்கினோம். பவளம் முறியாமல் பழைய வலையைக் கண்ணி கண்ணியாக அறுத்துச் சுருட்டினோம். தெளிந்த தண்ணீரில் எனக்குப் பயம் விட்டிருந்தது. ஆனால் துறைமுகத்து இருட்டை நினைத்தால் என் கை நங்கூரக் கயிற்றைத் தேடும். நீ அதைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்படி ஒரு நாளில்தான் நீ அந்தக் காரியத்தைச் செய்தாய். பாறையின் மறுபக்கத்தில் நாம் இருவர் மட்டும் இருந்தோம். வலையை அறுத்துக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தால், நீ கழுத்துக்குக் குறுக்கே கையை வெட்டிக் காட்டுகிறாய். காற்று தீர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் சைகை. உன் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டாய். உதட்டிலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் போயின. நம் காண்டிராக்டர் கொடுத்த சாமானில் ஆளுக்கு ஒரு ரெகுலேட்டர்தான். உனக்குக் காற்று வேண்டுமென்றால் என் வாயில் இருப்பதை நான் எடுத்தாக வேண்டும்.

எடுக்க முடியவில்லை. பல் இறுகிக்கொண்டது. அந்தச் சன்னல், அந்தக் கம்பி, அந்த இருட்டு எல்லாம் பட்டப்பகல் வெளிச்சத்தில் வந்து நின்றன. உன் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. குமிழ் நின்றுபோனது. உன் முகம் மாறத் தொடங்கியது. அப்போது என் கை தானாக எழுந்தது. ரெகுலேட்டரைப் பிடுங்கி உன் வாயில் வைத்து அழுத்தினேன். நீ இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாய். நான் இழுத்துவிட்டுக் கொடுத்தேன். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒரே காற்றை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல மேலே வந்தோம்.

படகில் ஏறியதும் உன் சிலிண்டரின் மீட்டரைப் பார்த்தேன். முள் பாதிக்கு மேல் நின்றது.

"நைனா, இதுல காத்து கீதேடா?"

"கீது."

"அப்போ பொய்யா?"

"பொய்தான்."

ஓங்கி அறைந்தேன். குத்துச்சண்டைக்காரன் நீ, ஒதுங்கியிருக்கலாம், ஒதுங்கவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு சொன்னாய்: "வெளிச்சத்துல குடுத்துட்ட மாமு. இருட்டுலயும் குடுப்ப. இனிமே உன் கூட எங்க வேணா நான் எறங்குவேன்."

"நான் குடுக்காம போயிருந்தா?"

"மேல வந்து, நாளைக்கு மறுபடி பொய் சொல்லியிருப்பேன்."

மறுநாள் முழுக்க நான் உன்னோடு பேசவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து வந்த ரயிலில்தான், நீ வாங்கி வந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபடி, "வர்ற கப்பல எங்க கட்டறாங்க?" என்று கேட்டேன். நீ வெளியே பார்த்துக்கொண்டு பதில் சொன்னாய். உன் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

துறைமுகத்தில் மறுபடி இறங்கினேன். முதல் நாள் ஏணியின் கடைசிப் படியில் நின்று வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவிக்கொண்டு இறங்கினேன். எண்ணூரில் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வர ஆரம்பித்தபோது முதலில் கூப்பிட்டது நம் இருவரைத்தான்.

உன் இருமலை முதலில் நாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முங்கும் வேலைக்கு வருவதற்கு முன், சின்ன வயதில், ஒரு பட்டறையில் இரும்புத் தகட்டின் மேல் மணலைப் பீய்ச்சித் துரு எடுக்கும் வேலை பார்த்திருக்கிறாய். அந்தத் தூசு உன் நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது. நுரையீரல் கல்லாகிக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். இனிமேல் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது, மாடி ஏறக் கூடாது என்றார். நீ தினமும் மூன்று மாடி இறங்கினாய், மூன்று மாடி ஏறினாய். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் சாய்ந்து நிற்பாய். நான் தாங்க வந்தால் கையைத் தட்டிவிடுவாய். "படிய எண்ணாத மாமு. நான் ஏறிடுவேன்" என்பாய். ஏறியும் விடுவாய்.

கடைசியில் வீட்டுக்கே சிலிண்டர் வந்தது. மூக்கில் குழாயோடு படுத்திருந்தவன், ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு மீட்டரைப் பார்க்கச் சொன்னாய். முள் அடியில் கிடந்தது. "இந்தத் தபா பொய் இல்ல" என்று சிரித்தாய். நான் கீழே ஓடி வேறு சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் ஏறி வந்து மாட்டினேன். அதற்குப் பிறகும் நீ பல வாரம் இருந்தாய். டாக்டர் சொன்ன கெடுவை எல்லாம் தாண்டி இருந்தாய். போன அன்று காலையில்கூட உட்கார வைக்கச் சொல்லி, சன்னல் வழியாகக் கீழே பையன்கள் பந்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இனி, உன்னிடம் சொல்ல வேண்டியது.

உன் மனைவி மல்லிகாவை மண்டபத்துக்குக் கூட்டிப் போனோம். செல்விதான் பிடிவாதம் பிடித்தாள். "அண்ணன் பாத்தத அந்தப் பொண்ணு பாக்க வேணாமா?" என்றாள். மல்லிகா முதலில் வரவே மறுத்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள், லீவு கிடையாது என்றாள். லீவு வந்ததும் காசில்லை என்றாள். கடைசியில் உண்மையைச் சொன்னாள்: "என்ன அந்தத் தண்ணிக்கிட்ட இட்டுகினு போவாதீங்கண்ணே. இருந்த கொஞ்ச நாளையும் அந்தாளு அதுலயே கழிச்சிட்டாரு." செல்வி அவள் துணிகளை எடுத்துப் பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

பவளம் பழைய மாதிரி இல்லை. அந்த வருடத்துச் சூட்டில் நிறையக் கிளைகள் வெளுத்துச் செத்திருந்தன. ஆழமில்லாத ஓர் இடமாகப் பார்த்துப் படகை நிறுத்தச் சொன்னேன். தன் மகளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, மாஸ்க்கும் மூச்சுக்குழாயுமாக, செல்வியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு மல்லிகா இறங்கினாள். முகத்தை உள்ளே வைத்தவள் உடனே தூக்கி இருமினாள். வேண்டாம் என்றாள். கொஞ்சம் நின்று, தானாகவே மறுபடி வைத்தாள். மறுபடி இருமல். அடுத்த முறை வைத்தவள் எழவில்லை. குழாயிலிருந்து மூச்சு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது. செல்விக்குப் பயம் வந்து அவள் முதுகைத் தொட்டாள். மல்லிகா கையை மட்டும் பின்னால் நீட்டி, பொறு என்று காட்டினாள்.

வெகுநேரம் கழித்து எழுந்தாள். மாஸ்க்கைக் கழற்றவில்லை. அதற்குள் கண்ணீர் தேங்கி நின்றது.

"இத்த பாக்கத்தான் எங்கள வுட்டுட்டுப் போனாரா அந்தாளு?" என்று கேட்டாள். மறுபடி குனிந்து தண்ணீரைப் பார்த்தாள்.

"போனது சரிதாண்ணே" என்றாள்.

இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். சொல்லிவிட்டேன்.

எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. நாளைக்குக் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கப்பல், விசிறியில் ஏதோ சுற்றியிருக்கிறதாம். வயதாகிவிட்டது, நிறுத்திக்கொள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பயம் என்னை விட்டுப் போகவில்லை, அது உனக்கும் தெரியும். ஒவ்வொரு முறையும் ஏணிப்படியில் என்னோடு கூடவே இறங்கி, கழுத்தளவு தண்ணீர் வரை வருகிறது. வரட்டும். நான் அதையும் கூட்டிக்கொண்டே முங்குகிறேன்.